மறதி நோய் வந்த பெற்றோருக்கு இடமும் பணமும் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. நாலு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தோம், இப்போது மூன்று வருஷமாக இல்லத்தில் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். நான் சென்னையில் இருக்கிறேன். அண்ணன் வெளிநாட்டில், அக்கா கும்பகோணத்தில். "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமாமே" என்று போன் செய்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டம், வரி சம்பந்தப்பட்டதை உங்கள் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அம்மாவுக்கு மறதி ரொம்ப அதிகமாயிடுச்சு. ஹோம் தேட ஆரம்பிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் இது மறதி நோய்தானா என்று தெரிய வேண்டும். என் அத்தை ஒரு தீபாவளி சமயம் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தார். "போச்சு, இவங்களுக்கும் அதே வியாதி" என்று வீடே முடிவுகட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் தரைமட்டம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட நீர் பிரியும் மாத்திரையின் வேலை. நாலு நாளில் பழைய அத்தையாகி, யார் பலகாரத்தில் உப்பு குறைவு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

சோடியம் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் தலைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், தூக்க மாத்திரை என எல்லாமே மறதி போல வேஷம் போடும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வந்த மறதி வேறு. மூன்று நாளில் வந்த குழப்பம் வேறு. இரண்டாவது வகை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் ஆகிய மூன்றில் எந்த டாக்டரிடமும் தொடங்கலாம். முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை 1978-லேயே தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனை. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அண்ணா நகரில் உள்ள 'ஸ்கார்ஃப்' தொண்டு நிறுவனம் 'டெம்கேர்ஸ்' என்ற பெயரில் மறதி நோய்க்கென்றே ஒரு சேவை நடத்துகிறது. போகும்போது, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், சித்த மருந்து லேகியம் உட்பட.

டாக்டர் உறுதி பண்ணிட்டார். அடுத்து என்ன?

எல்லோரும் "எந்த மாத்திரை நல்லது" என்று கேட்கிறார்கள். டோனபெசில், மெமன்டைன் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஓட வேண்டியது கையெழுத்துக்காக. நான் இந்த விஷயத்தில் தாமதித்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அம்மாவின் பென்ஷன் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு ஒரு நாள் வங்கிக்குக் கூட்டிப்போனேன். ஆயிரக்கணக்கான மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்ட கை. பேனாவை வாங்கிக்கொண்டு இனிஷியலை அழகாக எழுதினார். பிறகு நிறுத்தி, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. கையெழுத்துக் கட்டத்துக்குள் "வருகை 42" என்று எழுதிச் சீட்டை நீட்டினார். கவுன்டரில் இருந்த பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் ஒரு சின்ன வேலைக்குக்கூட மாதக்கணக்கில் அலைந்தேன்.

ஆகவே, ஆரம்ப நிலையில், அவர்களுக்கு விஷயம் புரியும்போதே செய்ய வேண்டியவை: வங்கிக் கணக்கில் இன்னொருவரைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றுவது. ஒவ்வொரு கணக்கிலும் டெபாசிட்டிலும் நாமினி இருக்கிறாரா என்று பார்ப்பது. உயில் எழுத விருப்பம் இருந்தால் எழுதச் சொல்வது. உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் "இவர் தெளிவான மனநிலையில் இருக்கிறார்" என்று அதே நாளில் டாக்டர் கொடுத்த சான்றிதழ் ஒன்று கூடவே இருந்தால் பின்னால் வழக்கு வந்தாலும் நிற்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தனக்காகச் சிகிச்சை விஷயத்தில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவரே ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைத் தாளே போதும்.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிட்டோம். அது போதும்ல?

போதாது. நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. நம் நாட்டில், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் அந்தப் பவர் செத்துவிடும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள், "அதுக்குப் பிறகும் செல்லுபடியாகிற மாதிரி எழுதிக்கோ" என்று யோசனை சொல்வார்கள். அந்த ஊர்ச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, இங்கே இல்லை. எந்தக் காலத்துக்காகப் பவர் வாங்கினோமோ, அந்தக் காலம் வந்ததும் அது உதவாது என்பதுதான் கொடுமை.

கையெழுத்துப் போடும் நிலையே தாண்டிடுச்சு. இப்ப என்ன வழி?

அன்றாடப் பணம் எடுக்க, உடல்நலமில்லாத முதியவர்களுக்காக ரிசர்வ் வங்கி வழிமுறை வைத்திருக்கிறது. கைநாட்டு வைக்கலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது கை நடுங்குகிறவர்களுக்காக வந்த வசதி. அவருக்கு விஷயம் கொஞ்சமாவது புரிகிறது என்றால்தான் வங்கி ஒத்துக்கொள்ளும். மேனேஜரைப் பொறுத்து அனுபவம் மாறும்.

வீடு, நிலம் விற்க வேண்டும், பெரிய டெபாசிட்டை உடைக்க வேண்டும் என்றால் நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலேயே பாதுகாவலரை நியமிப்பார்களே என்று சிலர் சொல்வார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். டிமென்ஷியா அதில் வராது. மனநலச் சட்டத்தில் நியமித்த பிரதிநிதிக்கும் சொத்தைத் தொட அதிகாரமில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு வாங்குகிறார்கள். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைச் செலவுக்காகச் சொத்தை விற்கவும் அனுமதித்து 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மறதி நோய் வேறு நிலைமைதான், ஆனால் வக்கீலிடம் போகும்போது அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. "நிலைமை முத்துறதுக்குள்ள வீட்டை செட்டில்மென்ட் எழுதி வாங்கிடு" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். புரியாத நிலையில் வாங்கிய பத்திரம் கூடப்பிறந்தவர்கள் போடும் முதல் வழக்கிலேயே ஆட்டம் காணும். அப்பா அம்மா தெளிவாக இருந்து விரும்பி எழுதினால்கூட, "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் 23-வது பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுதவில்லை என்றால் போராட்டம்தான்.

வீட்டிலேயே ஆள் வச்சுப் பார்த்துக்கிட்டா செலவு குறையுமா?

முதல் கட்டத்தில் குறையும். பிறகு குறையாது, சில சமயம் கூடும்.

சென்னையில் ஏஜென்சி மூலம் கூடவே தங்கும் ஆள் என்றால் மாதம் 25,000 முதல் 35,000 வரை கேட்கிறார்கள். நர்ஸிங் படித்தவர் என்றால் இன்னும் மேலே. அவருக்குச் சாப்பாடு, தனி இடம், அவர் லீவு போகும் நாட்களுக்கு மாற்று ஆள். டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று நாலு ஆகும். அதற்கே மாதம் நாலாயிரத்துக்குக் கிட்ட வரும். பிறகு ஒரு தண்ணீர் மெத்தை, கட்டிலுக்குக் கம்பி, குளியலறையில் பிடி. யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. என் மனைவி வேலையை விட்டார். அந்தச் சம்பளத்தையும் சேர்த்தால் எங்கள் வீட்டுப் பராமரிப்புதான் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது. இதை நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டதே மூன்றாவது வருஷத்தில்.

பணத்தைவிடப் பெரிய தொல்லை ஆள் மாறுவது. எங்களுக்கு 14 மாதத்தில் ஒன்பது பேர் வந்து போனார்கள். ஒவ்வொரு புது முகமும் அம்மாவுக்குத் திருடிதான். "என் சங்கிலியை இவதான் எடுத்தா" என்பார், சங்கிலி எங்கள் லாக்கரில் இருக்கும். நகையை முதலிலேயே கழற்றி, போட்டோ எடுத்து, கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு லாக்கரில் வையுங்கள். ஆளை வைக்கும்போது ஆதார் நகலும் காவல்துறைச் சரிபார்ப்பும் கேளுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

எப்ப ஹோமுக்கு மாத்தணும்னு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிதான் அளவுகோல். மறதி நோய்க்காரர்களில் பலருக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில் பதற்றம் கூடும். அம்மா ஒரு மஞ்சள் பையில் மடித்த புடவையும் ஒரு டம்ளரும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். "நேரமாச்சு, எங்க வீட்ல தேடுவாங்க, கதவைத் திற." இது உங்க வீடுதாம்மா என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்தேன். அப்படிச் சொல்லக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. "சரிம்மா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றால் பாதி நாள் பை கீழே இறங்கிவிடும்.

ஒரு நாள் கதவு திறந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி, மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் கூட நின்றுகொண்டிருந்தார். அன்று ராத்திரிதான் இல்லம் என்ற பேச்சை அண்ணனிடம் எடுத்தேன். வெளியே போய்விடுவது, இரவில் தூங்காமலே இருப்பது, அடுப்பை அணைக்க மறப்பது, அடிக்க வருவது, பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு படுத்துவிடுவது: இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் யோசிக்கத் தொடங்குங்கள். இல்லங்களைப் பார்ப்பதை அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். அவசரத்தில் தேடினால் எது காலியாக இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

ஹோம்ல மாசம் எவ்வளவு ஆகும்?

சென்னை, கோவை போன்ற ஊர்களில் மறதி நோய்க்கென்றே நடத்தும் இல்லங்களில் மாதம் 40,000 வாக்கில் தொடங்கி, தனி அறை, தனி ஆள் என்று போனால் லட்சத்தைத் தாண்டும். முன்பணம் தனி. சொல்கிற தொகையில் எது எது அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். டயப்பர், மருந்து, டாக்டர் வருகை, பிசியோ, ஜிஎஸ்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆள், இதெல்லாம் தனி பில்லாக வரும். "நடக்கிற நோயாளி" "படுத்த நோயாளி" என்று இரண்டு கட்டணம் சில இடங்களில் உண்டு. வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தால் அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா, விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் கேளுங்கள். நாங்கள் முதலில் சேர்த்த ஓர் இல்லத்தில் சொன்ன தொகைக்கும் வந்த பில்லுக்கும் மாதம் 11,000 வித்தியாசம். கேட்டால், "அதெல்லாம் எல்லா இடத்திலும் தனிதான் சார்" என்றார்கள். எழுதி வாங்காதது என் தப்பு.

நல்ல இல்லத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'முதியோர் இல்லம்' என்பது பெரும்பாலும் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பெரியவர்களுக்கானது. மறதி நோய் என்றால் சேர்க்கவே மாட்டார்கள், அல்லது சேர்த்துவிட்டுச் சமாளிக்கத் தெரியாமல் திருப்பி அனுப்புவார்கள். மறதி நோய்க்கென்று தனிப் பகுதி இருக்கிறதா, இதுவரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடங்கள் மாநில மனநல ஆணையத்திடமும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2017 சட்டம்.

விசாரிக்க இடங்கள் உண்டு. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. 'டெம்கேர்ஸ்' ஆட்களிடம் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567-க்கு அழைக்கலாம். பெங்களூரு பக்கம் என்றால் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் பல வருஷமாக மறதி நோய் மையம் நடத்துகிறது.

காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எல்லா இல்லமும் பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சொல்லாமல் போங்கள். நான் போன ஓரிடத்தில் கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பாட்டிகள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில். இருவரை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள். "விழுந்துடுவாங்க சார், அதான்." வரவேற்பறையில் மீன்தொட்டி இருந்தது. இன்னோர் இடத்தில் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. ஆனால் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பெரியவர் ஒருவரோடு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவர் உரித்ததைத் தோலோடு சேர்த்துப் போட்டார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அம்மா இப்போது இருப்பது அங்கேதான்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை மூன்று. ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள்? கத்தினால், அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்? தூக்கத்துக்கோ அமைதிப்படுத்தவோ மாத்திரை கொடுப்பதை யார் முடிவு செய்கிறார்கள், எங்களிடம் சொல்வீர்களா? மூன்றாவது கேள்வி ஏனென்றால், ஆட்களைக் குறைத்து மாத்திரையைக் கூட்டும் இடங்கள் இருக்கின்றன. மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாதம், மரணம் வரையிலான ஆபத்தைக் கூட்டும். டாக்டர் தேவை என்று பார்த்துக் கொடுத்தால் சரி, வசதிக்காகக் கொடுக்கக் கூடாது.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல கிடைக்குமா?

இல்லக் கட்டணம் கிடைக்காது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் நிறைய அலைச்சல் மிச்சம்.

மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. 'மனநோய்' என்பதற்கான அதன் விளக்கத்தில் நினைவாற்றலும் வருகிறது. ஆகவே டிமென்ஷியா என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ஆஸ்பத்திரிச் செலவை மறுத்தால் விடாதீர்கள், எழுத்தில் காரணம் கேளுங்கள். ஆனால் காப்பீடு தருவது ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு. குளிப்பாட்டி, சோறூட்டி, கூட இருக்கும் வேலைக்கு அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 70 வயது தாண்டியவர்களுக்கென்று ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டமும் இதே கதைதான். இடுப்பெலும்பு முறிந்தாலோ நிமோனியா வந்தாலோ பயன்படும். நோய் தெரிந்தபின் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருந்த நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். நோயை மறைத்து எடுக்காதீர்கள்.

அப்ப பணத்துக்கு என்னதான் வழி?

குடும்பம்தான். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். மாதச் செலவு சுமார் 58,000. அம்மாவின் பென்ஷன் அதில் பாதிக்கு மேல் தாங்குகிறது. அவர் ஊர் வீட்டு வாடகை 6,000. மீதியை அண்ணன் இரண்டு பங்கு, நான் ஒரு பங்கு. அக்காவிடம் பணம் கேட்கவில்லை. மாதம் ஒரு முறை வந்து மூன்று நாள் தங்கி அம்மாவைப் பார்ப்பது அவர் பங்கு. இதை வாட்ஸ்அப் குழுவில் எழுதி, மூவரும் சரி என்று பதில் போட்டோம். ஒவ்வொரு மாதமும் பில்லைப் போட்டோ எடுத்து அதில் போடுகிறேன். கொஞ்சம் கடைக்கணக்கு மாதிரிதான் இருக்கும். ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு சண்டை இல்லை.

பென்ஷன் இல்லாதவர்கள் கையில் சேமிப்பு இருந்தால் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 விழுக்காடு வட்டி என்று வைத்தால் முழுத் தொகைக்கு மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும், அதாவது மாதம் 20,500. போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை என்பவர்களுக்கு வங்கிகளில் எதிர்மறை அடமானக் கடன் (ரிவர்ஸ் மார்ட்கேஜ்) 2007 முதல் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தால் வங்கி வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவருக்கு மாதாமாதம் பணம் தரும். ஆனால் அவர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். தொடர்ந்து ஒரு வருஷம் அங்கே இல்லை என்றால் நிரந்தரமாக வெளியேறியதாகக் கொண்டு கடனைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு உதவும், இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்களுக்கு இது பொறி. வாங்கவும் கையெழுத்து வேண்டும். திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

கூடப்பிறந்தவர் வசதி இருந்தும் கைவிரித்தால், 2007 சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் பெயரில் மனு கொடுக்கலாம். பெற்றோரால் முடியாவிட்டால் அவர்கள் சார்பில் இன்னொருவர் கொடுக்கலாம். மாதம் 10,000 வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட வழியுண்டு. உறவு அதோடு முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் ஏதாவது கழிவு உண்டா?

பழைய வரி முறையில் இருந்தால் உண்டு. 1961 சட்டத்தின் 80 டிடிபி பிரிவுக்கான விதியில் டிமென்ஷியா பெயர் சொல்லியே இருக்கிறது. 60 வயது தாண்டியவரின் சிகிச்சைச் செலவில் ஒரு லட்சம் வரை கழிக்கலாம். குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று நரம்பியல் டாக்டர் சான்று தர வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியிருந்தால் 80 டிடி பிரிவில் 75,000, பாதிப்பு 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000. காப்பீடே இல்லாத, 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 80 டி-யில் 50,000 வரை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இல்லக் கட்டணத்தில் எவ்வளவு 'சிகிச்சை' என்று காட்டலாம் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். அதற்காகவே இல்லத்திடம் மருத்துவச் செலவைத் தனியாகப் பிரித்து ரசீது வாங்குங்கள்.

இல்லத்தில் இருக்கும்போது பென்ஷன் நேர்காணலுக்கு என்ன செய்யறது?

உயிரோடு இருக்கிறார் என்று காட்டக் கருவூலத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அஞ்சலகத்தில் சொன்னால் தபால்காரரே கருவியோடு இல்லத்துக்கு வந்து டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் எடுத்துக்கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். எங்களுக்கு விரல் ரேகை நாலு தடவை விழவில்லை. வயதானவர்களுக்குத் தேய்ந்துவிடும். ஐந்தாவது தடவை தபால்காரர் அம்மாவின் கட்டைவிரலைத் தன் சட்டையிலேயே துடைத்து வைத்தார், விழுந்தது. பென்ஷன் புத்தகம், பென்ஷன் ஆணை (பிபிஓ) எண், ஆதார், போன் எண் எல்லாவற்றின் நகலும் இல்லத்தில் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

எங்ககிட்ட அவ்வளவு வசதி இல்லை. எங்களுக்கு என்ன வழி?

உண்மையைச் சொன்னால் இந்தப் பக்கம் மிகவும் வறட்சி. மறதி நோய்க்கென்று இலவச இல்லம் கிடைப்பது அபூர்வம். டாக்டரையும் மருந்தையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெறலாம். வெளியே வாங்குவதென்றால் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை குறைவு. படுத்த படுக்கையாகிவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் மாதம் 1,200. டயப்பருக்கே போதாத தொகைதான், ஆனாலும் விடாதீர்கள். பார்த்துக்கொள்கிறவருக்கு மனசு தாங்காமல் போனால் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

ஊர்ல "அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டான்"னு பேசுவாங்களே?

பேசினார்கள். பேசியவர்களில் ஒரு சித்தப்பாவிடம், "ஒரு வாரம் நீங்க வந்து கூட இருங்க சித்தப்பா, நாங்க குலதெய்வக் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம்" என்றேன். அவருக்கு மூட்டுவலியாம்.

சேர்த்த பிறகு நாம என்ன கவனிக்கணும்?

முதல் இரண்டு வாரம் அவர் அழுவார், நீங்களும் அழுவீர்கள். சில இல்லங்களில் அந்தச் சமயம் வர வேண்டாம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, போனேன். பிறகு நாள் குறித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள். செவ்வாய் ஒரு வாரம், ஞாயிறு ஒரு வாரம், ஒருமுறை சாப்பாட்டு நேரம், ஒருமுறை சாயங்காலம்.

போனதும் நகத்தைப் பாருங்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் நாக்கையும் பாருங்கள். குதிகால், இடுப்பு, முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும். மாதம் ஒருமுறை எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து குறைந்தால் ஊட்டிவிட நேரம் ஒதுக்குகிறார்களா என்று கேளுங்கள். வேறு யாருடைய நைட்டியோ போட்டிருப்பார், அதற்குச் சண்டை போடாதீர்கள். துணியில் மார்க்கரால் பெயர் எழுதிக் கொடுங்கள். கண்ணாடியிலும் கேட்கும் கருவியிலும்கூட எழுதுங்கள், அவைதான் முதலில் காணாமல் போகும். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

போகும்போது ஏதாவது வேலை கொண்டுபோங்கள், பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் ஒரு பழைய வருகைப் பதிவேட்டையும் சிவப்புப் பேனாவையும் கொண்டுபோகிறேன். அம்மா ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டே வருவார். முடிந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறைக்குப் புதுப் பக்கம் புரட்டி வைக்கிறேன்.